கண் இழந்தவர் கண்ட அச்சு

சுழல்வது வேறு, சுற்றி வருவது வேறு. இவ்வேறுபாட்டினை விளங்கிக்கொள்ள எனக்குப் பதினேழு ஆண்டுகள் சென்றன. அதனை எனக்கு விளக்கியவர் விரல் நுனியளவு சுண்ணாம்பைத் தவிர வேறெந்தக் கருவியையும் கையாளவில்லை. உலகத்து அறிஞருக்கோ அவ்வேறுபாட்டினை ஐயமற வகுத்துரைக்கக் கணித மேதை ஒருவரின் நாற்பதாண்டு உழைப்பு வேண்டியதாயிற்று. அம்மேதையின் வாழ்க்கையையே இங்கு எழுத விழைகின்றேன். ஆயினும் அவரை நான் அறிந்துகொண்ட வழி ஒரு தேயிலைத் தொழிற்சாலையினூடாகவே சென்றமையால், அங்கிருந்தே தொடங்குதல் முறையாகும்.

பதுளைக்கும் பசறைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவிலே, ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்தவன் நான். அன்னையார் கொழுந்து பறித்தார். தந்தையார், தோட்டத்து மக்கள் ஸ்டோர் என வழங்கும் தொழிற்சாலையிலே, கொழுந்தை உருட்டிப் பிசையும் ரோலர் இயந்திரத்தின் அருகில் நின்று வேலை செய்தார். மூன்றாம் வகுப்புக்கு மேல் அவர் படித்ததில்லை. நானோ அந்நாளில், 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், பதுளைப் பட்டினத்துப் பாடசாலை ஒன்றிலே பிரயோக கணிதம் கற்றுக்கொண்டிருந்தேன். லயத்திலிருந்து உயர்தர வகுப்புக்குச் சென்றவர்கள் அக்காலத்தில் ஒரு சிலரே. அதனால் என்னிடம் சிறிது செருக்கும் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அஃது ஆகஸ்ட் மாத விடுமுறை. ஊவா மலைகளின் மீது வறண்ட கச்சான் காற்று வீசும் பருவம். ஊவாத் தேயிலைக்கே உரிய நறுமணம் அப்பருவத்திலேதான் இலையில் ஏறும் என்பதால், தொழிற்சாலை இரவும் பகலும் ஓயாது இயங்கும். ஓரிரவு தந்தையாருக்குச் சோறு கொண்டு சென்றேன். வார்ப்பட்டைகள் ஓடும் ஓசைக்கு நடுவே, ரோலரின் இலை நிறைந்த பெரிய உருளையைச் சுட்டிக்காட்டி, அது பம்பரத்தைப்போலத் தன் அச்சைப் பற்றிச் சுழல்வதையும், அதன் கோண வேகத்தைக் கணிப்பது எவ்வாறு என்பதையும் அவருக்கு எடுத்துரைக்கலானேன். தந்தையார் ஒன்றும் மறுத்துரைக்கவில்லை. இயந்திரம் நின்ற வேளையில், மடியிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து, விரலிலே சுண்ணாம்பு தொட்டு, யன்னலை நோக்கியிருந்த உருளையின் வெளிப்புறத்திலே ஒரு பொட்டு இட்டார். பின்னர் பட்டையை மாற்றி இயந்திரத்தை ஓடவிட்டார்.

உருளை மேசையின் மீது வட்டமிட்டது. பொட்டும் உருளையோடு சென்றது. ஆனால் அஃது ஒருபோதும் யன்னலைவிட்டு முகம் திருப்பவில்லை. இயந்திரம் எத்தனை முறை வட்டமிட்டபோதும் உருளையின் யன்னற்புறம் யன்னற்புறமாகவே இருந்தது. சுவர்ப்புறம் சுவர்ப்புறமாகவே இருந்தது. உருளை சுற்றி வந்தது; சுழலவில்லை! ஆண்டுக்கணக்காக அதனருகில் நின்றவருக்குத் தெரிந்திருந்த அவ்வுண்மை, கணக்குக் கொப்பியோடு வந்த எனக்குத் தெரியாதிருந்தது. தந்தையார் கந்தைத் துணியாற் பொட்டைத் துடைத்துவிட்டு, கைகழுவிச் சோறு உண்ண அமர்ந்தார். நான் வாய் திறவாது வீடு திரும்பினேன்.

அடுத்த தவணையில் எங்கள் கணித ஆசிரியரிடம் இதனைக் கூறினேன். அவர் மகிழ்ந்து, அவ்வகை இயக்கத்துக்கு வட்டப் பெயர்ச்சி என்று பெயர் சொன்னார். அத்துடன், விறைப்பான பொருள்களின் இயக்கங்களை முதன்முதல் முழுமையாக ஆராய்ந்தவர் லெயோனார்ட் ஒய்லர் என்றும், அவர் தம் ஆராய்ச்சியின் உச்சத்தை அடைந்தபோது இரு கண்ணும் இழந்தவராக இருந்தார் என்றும் கூறினார். அன்றுதொட்டு அப்பெயர் என் நெஞ்சைவிட்டு நீங்கியதில்லை.

மலைநாட்டுச் சிறுவன்

ஒய்லர் 1707ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் சுவிற்சலாந்திலுள்ள பாசல் நகரிலே பிறந்தார். தந்தை போல் ஒய்லர் ஒரு போதகர், பெருஞ் செல்வரல்லர். குழந்தை பிறந்து சிறிது காலத்துக்குள் குடும்பம் அருகிலிருந்த ரீகன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. போதகராயினும் அத்தந்தை இளமையிலே யாக்கோப் பேர்னூலி என்னும் பேரறிஞரிடம் கணிதம் கேட்டவர். ஆதலின் மகனுக்கு முதற் கணக்கு ஆசிரியராக அவரே அமைந்தார். தந்தையிடம் முதற்பாடம் கேட்ட பேறு அம்மேதைக்கும் வாய்த்தது என்று பிற்காலத்திற் படித்தபோது, சுண்ணாம்புப் பொட்டு என் நினைவுக்கு வந்தது.

பதின்மூன்றாம் வயதில் ஒய்லர் பாசல் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே யாக்கோப்பின் தம்பி யோகான் பேர்னூலி கணிதப் பேராசிரியராக இருந்தார். தனிப்பாடம் சொல்லித்தர அவருக்கு நேரமில்லை. கடினமான நூல்களைத் தானே படித்துக்கொண்டு, விளங்காதவற்றை மட்டும் சனிக்கிழமை பிற்பகலிலே வந்து கேட்குமாறு அவர் பணித்தார். ஆசிரியரைத் தொல்லைப்படுத்தாமல் இயன்றவரை தாமே விடை காணவேண்டும் என்று முயன்ற மாணவர், அம்முயற்சியாலேயே கணிதராயினார். மகனும் தம்மைப்போலப் போதகராக வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். பேர்னூலியே தந்தையைக் கண்டு பேசி, இப்பிள்ளை கணிதத்துக்கென்றே பிறந்தவன் என்று இணங்கச் செய்தார்.

இருபதாவது வயதில் ஒய்லர் துணிகரமான செயலொன்று செய்தார். கப்பலிற் பாய்மரங்களை எவ்விடத்தில் நாட்டினால் நலமாகும் என்ற வினாவைப் பாரிஸ் கழகம் 1727ஆம் ஆண்டுப் பரிசுக்கு விடுத்திருந்தது. கடற்கரையே இல்லாத மலைநாட்டிற் பிறந்து, கடலோடும் கப்பலைக் கண்ணாலும் கண்டிராத இளைஞர் அதற்கு விடை எழுதினார். முதற் பரிசு கிடைக்கவில்லையாயினும் சிறப்புப் பாராட்டுக் கிடைத்தது. கண்ணாற் காணாததனைக் கருத்தாற் காணும் ஆற்றல், கண்ணிருந்த காலத்திலேயே அவரிடம் குடிகொண்டிருந்தது.

பிறந்த ஊரிலே பேராசிரியர் பதவி கேட்டார், கிடைக்கவில்லை. அவ்வாண்டே பாசலைவிட்டு உருசிய நாட்டுப் பீற்றர்ஸ்பேர்க் நகரத்துக்குப் புறப்பட்டார். அதன் பின்னர் அவர் தாம் பிறந்த நகரத்துக்கு ஒருநாளும் திரும்பியதில்லை. அங்கே யோகானின் மகன் தானியல் பேர்னூலி அவருக்குத் தோழராக இருந்தார். தானியல் 1733ஆம் ஆண்டு நாடு திரும்பியபோது கணிதப் பீடம் ஒய்லருக்கு வந்தது. அடுத்த ஆண்டு, ஓவியர் ஒருவரின் மகளாகிய கத்தரீனாவை மணந்தார். பிறந்த குழந்தைகள் பதின்மூவருள் ஐவரே குழந்தைப் பருவத்தைக் கடந்து வாழ்ந்தனர்.

புள்ளியும் பொருளும்

1736ஆம் ஆண்டு இயக்கவியல் பற்றிய அவருடைய நூல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அதிலே அவர் ஆராய்ந்தது புள்ளியின் இயக்கம் மாத்திரமே. முதலிற் புள்ளி, பின்னர் விறைப்பான பொருள், அதன்பின் வளையும் பொருள், மீளும் பொருள், ஈற்றில் நீர்போன்ற பாய்பொருள் என்று ஓர் ஒழுங்கினையும் அந்நூலிலேயே அவர் வகுத்து வைத்தார். இரண்டாம் படியில் ஏறி நிற்க அவருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன.

புள்ளிக்கும் பொருளுக்கும் அத்துணை வேறுபாடு என்ன என்று வாசகர் வினவலாம். புள்ளிக்கு முகம் இல்லை, முதுகும் இல்லை. அஃது எங்கிருக்கின்றது என்று மட்டும் சொன்னாற் போதும். அதற்கு மூன்று எண்கள் போதுமானவை. ஒரு கருங்கல்லுக்கோ எங்கிருக்கின்றது என்பதோடு எப்பக்கம் திரும்பியிருக்கின்றது என்பதும் உண்டு. அதற்கு மேலும் மூன்று எண்கள் வேண்டும். கல்லினுள்ளே எண்ணற்ற துணிக்கைகள் உள்ளன. அவற்றுள் எந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் மாறுவதில்லை. அவ்வாறு தூரம் மாறாதிருப்பதே விறைப்பு எனப்படுவது. ஒவ்வொரு துணிக்கையும் தனித்தனி வழியே சென்றாலும் அனைத்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே செல்லவேண்டும். அப்பிடிப்பைக் கணக்கிலே கொண்டுவருவதே அரிய செயலாயிருந்தது.

இதற்கிடையே 1738ஆம் ஆண்டு அவருடைய வலக்கண் பார்வை போயிற்று. தேசப்படங்கள் வரைந்த கடும் உழைப்பே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். முன்னர் வந்த கொடிய காய்ச்சலே காரணமாயிருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் சிலர் கருதுகின்றனர். எதுவாயினும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை.

பேர்லின் ஆண்டுகள்

1741ஆம் ஆண்டு பிரசிய மன்னன் இரண்டாம் பிரெடரிக் அழைக்க, ஒய்லர் பேர்லினுக்குச் சென்றார். அங்கே இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். மன்னன் சொல்லலங்காரத்தையும் பிரெஞ்சு அறிஞரின் நகைச்சுவையையும் விரும்பியவன். எளிய நடையும் ஆழ்ந்த சமயப்பற்றும் உடைய ஒய்லரை அவன் மதித்தானில்லை. அவருடைய ஒற்றைக்கண்ணையும் எள்ளி நகையாடினான். 1759ஆம் ஆண்டு கழகத் தலைவர் இறந்தபின் தலைமைப் பணிகள் யாவும் ஒய்லரின் தோளிலே விழுந்தன. தலைவர் என்னும் பெயர் மட்டும் அவருக்கு வழங்கப்படவில்லை. மன்னன் அப்பதவியைப் பிரெஞ்சு அறிஞர் தலம்பேருக்கு அளிக்க முன்வந்தான். அவரோ அதனை ஏற்க மறுத்து, ஒய்லரின் தகுதியையே எடுத்துரைத்தார்.

இத்தகைய மனத்துன்பங்களுக்கு நடுவேதான் விறைப்பான பொருளின் இயக்கம் அவருக்கு மெல்ல மெல்லத் திறந்தது. 1749ஆம் ஆண்டு வெளிவந்த கப்பற்கலை நூலில், அலைமேல் ஆடும் கப்பல் எந்த அச்சுகளைப் பற்றி ஆடுகின்றது என்பதனை ஆராய்ந்தார். அதே ஆண்டு தலம்பேர், பூமியின் அச்சு மெல்லத் திசைமாறும் விந்தையைக் கணித்து நூல் வெளியிட்டார். கப்பலுக்கும் பூமிக்கும் பொதுவான விதி ஒன்று இருத்தல் வேண்டும் என்று ஒய்லர் தேடினார். 1750ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அதனைப் பேர்லின் கழகத்தின் முன் வைத்தார். பொருளின் ஒவ்வொரு துணிக்கையையும் தனியே எடுத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று நிலையான திசைகளில், விசையானது திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்கியதற்குச் சமன் என்று எழுதவேண்டும் என்பதே அது. நியூற்றன் 1687ஆம் ஆண்டு விதிகளை வகுத்திருந்தார். எந்தப் பொருளின் எந்தத் துணிக்கைக்கும் பொருந்தும் இப்பொதுச் சமன்பாட்டு வடிவைத் தந்தவர் ஒய்லர்.

1755ஆம் ஆண்டு சேக்னர் என்னும் அறிஞர், பம்பரங்களை ஆராய்ந்து, எவ்வடிவப் பொருளுக்கும் தள்ளாட்டமின்றிச் சுழலக்கூடிய அச்சுகள் மூன்று உண்டு என்று காட்டினார். ஒய்லர் அதனை நன்றியோடு ஏற்று மேற்சென்றார். நிலையான அச்சுகளை வைத்துக் கணித்தால், பொருள் திரும்புந்தோறும் அதன் அமைப்பையும் மீண்டும் மீண்டும் கணிக்க நேரிடும். ஆகவே பொருளோடு தாமும் கூடித் திரும்பும் அச்சுகளை அவர் கற்பித்துக்கொண்டார். சிக்கலான கணக்கு மூன்று சிறிய சமன்பாடுகளாகச் சுருங்கியது. அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

இவையனைத்தையும் திரட்டி 1765ஆம் ஆண்டு வெளிவந்ததே விறைப்பான பொருள்களின் இயக்கம் பற்றிய பெருநூல். சடத்துவத் திருப்பம் என்று நாம் வழங்கும் கருத்துக்குப் பெயர் சூட்டியதும் அந்நூலே. பொருள் எத்துணைக் குழப்பமாக இயங்கினாலும், அவ்வியக்கத்தை அதன் மையத்தின் பெயர்ச்சி என்றும், அம்மையத்தைப் பற்றிய சுழற்சி என்றும் இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று அதிலே அவர் நிறுவினார்.

ஊவாவிற் காணும் ஐந்து

ஒய்லரின் கண்கொண்டு நோக்கினால், விறைப்பான பொருளின் இயக்கங்களை நம் ஊவா மாகாணத்திலேயே வரிசையாகக் காணலாம். என் மாணவர்களுக்கு நான் காட்டியதும் அவ்வாறே.

முதலாவது பெயர்ச்சி. பொருளில் வரைந்த எந்தக் கோடும் தன் திசையை மாற்றாதிருத்தல் இதன் இலக்கணம். தேயிலை சலிக்கும் சல்லடை முன்னும் பின்னும் செல்வது நேர்ப் பெயர்ச்சி. ரோலர் உருளை வட்டமிடுவது வளைந்த பெயர்ச்சி. அதன் ஒவ்வொரு புள்ளியும் சமமான ஒவ்வொரு வட்டத்தில், ஒரே வேளையில் ஒரே வேகத்தோடு செல்லும். உருளையைத் தாங்கும் புயங்கள் பல புறங்களிலும் ஒத்த அளவிலே திரும்புவதால், உருளைக்குத் திரும்ப வழியில்லை. இலை மேசையின் வரம்புகளிலே சுருண்டு பிசைபடுவதும் இவ்வியக்கத்தின் பயனே.

இரண்டாவது நிலையான அச்சைப் பற்றிய சுழற்சி. பழைய தொழிற்சாலைகளின் கூரையடியில் ஓடிய நீண்ட இரும்புத் தண்டும், அதிற் கோத்த சக்கரங்களும், எஞ்சினின் பெருஞ்சக்கரமும் இதற்குச் சான்று. அச்சிலுள்ள புள்ளிகள் அசைவதில்லை. அச்சினின்றும் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு வேகம் மிகும். மலையகத் தோட்டங்களில் இயந்திரச் சக்கரத்தை ரோதை என்று சொல்லி, ரோதைமுனி என்று தெய்வமாக வழிபடும் வழக்கமும் உண்டு. ஓடும் பெருஞ்சக்கரத்தை எளிதில் நிறுத்தமுடியாது என்பதை அவ்வழிபாட்டினர் நன்கறிவர். விளிம்பிலே திணிவு மிக்க சக்கரத்துக்குச் சடத்துவத் திருப்பம் மிகுதி என்று ஒய்லர் அதற்கே கணக்குச் சொன்னார்.

மூன்றாவது தள இயக்கம். பெயர்ச்சியும் சுழற்சியும் ஒரு தளத்துள் கலந்து நிகழ்வது இது. 1924ஆம் ஆண்டு பதுளைக்கு வந்து சேர்ந்த புகையிரதப் பாதையில் உருளும் ஒவ்வொரு சக்கரமும் இவ்வகையினது. தண்டவாளத்தைத் தொடும் புள்ளி அக்கணத்திலே அசைவற்று நிற்கும். சக்கரத்தின் உச்சிப்புள்ளியோ வண்டியைப்போல் இரு மடங்கு வேகத்தில் முன்செல்லும். தெமோதரையிலே நிலையத்தைவிட்டுப் புறப்படும் வண்டி, குன்றை வளைந்து இறங்கி, அந்நிலையத்துக்கு நேர்கீழேயுள்ள சுரங்கத்தினூடே செல்லும். வளைவிலே யன்னலருகில் அமர்ந்திருப்பவர்க்கு ஒரு மலை மறைந்து மற்றொரு மலை தோன்றும். ரோலர் உருளையின் பொட்டு யன்னலைவிட்டு முகம் திருப்பவில்லை. புகையிரதப் பெட்டியோ வளையுந்தோறும் முகம் திருப்புகின்றது. இரண்டும் வட்டமிடுகின்றனவாயினும் இரண்டும் ஒன்றல்ல. அந்த இரவில் நான் தவறவிட்டது இவ்வேறுபாட்டினையே.

நான்காவது நிலையான புள்ளியைப் பற்றிய இயக்கம். லயத்து முற்றத்திற் சிறுவர் விடும் பம்பரம், முனை நிலத்தில் ஊன்றி நிற்க, தானும் சுழன்று தன் அச்சையும் சுழற்றுகின்றது. ஐந்தாவது எதற்கும் கட்டுப்படாத பொது இயக்கம். மழைக்காலத்திலே மலையினின்று பெயர்ந்து உருண்டும் எகிறியும் வரும் பாறை அதற்கு எடுத்துக்காட்டு. தடித்த நூலொன்றைக் கயிற்றாற் கட்டி மேலே சுழற்றி எறிந்து பார்த்தாலும் தெரியும்: மிக நீண்ட அச்சையோ மிகக் குறுகிய அச்சையோ பற்றிச் சுழற்றினால் அது சீராகச் சுழலும், நடுத்தர அச்சைப் பற்றிச் சுழற்றினாற் குட்டிக்கரணமடிக்கும். இதுவும் அம்மூன்று சமன்பாடுகளிலிருந்தே பெறப்படுகின்றது.

இருளில் ஒளி

1766ஆம் ஆண்டு, இரண்டாம் கதரீன் பேரரசியின் அழைப்பை ஏற்று, ஒய்லர் குடும்பத்தோடு பீற்றர்ஸ்பேர்க்குக்கு மீண்டார். வந்த சிறிது காலத்துள் எஞ்சியிருந்த இடக்கண்ணையும் படலம் மூடியது. 1771ஆம் ஆண்டு துன்பங்கள் சேர்ந்தே வந்தன. நகரத்தில் எழுந்த பெருந்தீ அவர் வீட்டையும் பற்றிக்கொண்டது. பார்வையற்று உள்ளே அகப்பட்டிருந்தவரை, அவரூரைச் சேர்ந்த பீற்றர் கிறிம் என்னும் தொழிலாளி ஒருவர் புகுந்து தூக்கிவந்து காப்பாற்றினார். கையெழுத்துப் பிரதிகளிற் பெரும்பாலானவையும் காப்பாற்றப்பட்டன. அவ்வாண்டே கண்ணிற் சத்திரசிகிச்சை செய்தனர். பார்வை மீண்டது. சில நாள் உலகத்தைக் கண்டு களித்தார். பின்னர் புண் சீழ்பிடித்து, கடும் வேதனையோடு பார்வை முற்றாக மறைந்தது. 1773ஆம் ஆண்டு, நாற்பது ஆண்டுக்காலம் உடன்வாழ்ந்த மனைவியும் மறைந்தார்.

வேறொருவராயின் அவ்வளவில் ஓய்ந்திருப்பர். ஒய்லரோ பெரிய மேசை ஒன்றின் மீது சுண்ணக்கட்டியாற் பெரிய எழுத்துக்களை எழுதி, மகனுக்கும் லெக்செல், ஃபுஸ் முதலிய இளைஞருக்கும் கருத்துக்களைச் சொல்ல, அவர்கள் அவற்றைக் கட்டுரைகளாக்கினர். நெடுங் கணக்குகளை மனத்திலேயே செய்தார். 1775ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ வாரத்துக்கு ஒன்றாகக் கட்டுரைகள் பிறந்தன.

அவ்வாண்டு ஒக்ரோபரிலே கழகத்தின் முன் வைக்கப்பட்டு, 1776இல் அச்சேறிய ஒரு கட்டுரையிலேதான் அவர் பெயரால் வழங்கும் சுழற்சித் தேற்றம் இருக்கின்றது. அதன் பொருள் இதுவே: பொருளின் ஒரு புள்ளியை நிலையாகப் பிடித்துக்கொண்டு, அப்பொருளை எத்தனை முறை, எத்தனை பக்கமாகத் திருப்பினாலும், முதல்நிலைக்கும் முடிவுநிலைக்கும் உள்ள வேறுபாடு, அப்புள்ளியினூடு செல்லும் ஏதோ ஓர் அச்சைப் பற்றிய ஒரே ஒரு சுழற்சிதான்.

வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு தோடம்பழத்தைக் கிண்ணத்தில் வைத்து அதன் நிலையை மனத்திற் கொள்ளுங்கள். பின்னர் கையிலே எடுத்து விரும்பியபடியெல்லாம் உருட்டிவிட்டு, மீண்டும் அதே இடத்தில் வையுங்கள். எத்துணை உருட்டினாலும், பழத்தோலில் நேரெதிரான இரண்டு புள்ளிகள் முன்பிருந்த இடத்திலேயே வந்து நிற்கும். அவ்விரண்டையும் இணைக்கும் கோடே அச்சு. பழத்தை உருட்டிய கைக்கு அவ்வச்சு தெரியாது. பார்த்திருந்த கண்ணுக்கும் தெரியாது. எங்கும் வரையப்படாத அக்கோடு கட்டாயம் உண்டு என்பதனை, பகலும் இரவும் ஒன்றாகிப்போன அறுபத்தெட்டு வயது முதியவர் கண்டு நிறுவினார்.

இறுதிநாளும் பின்வந்தவையும்

1783ஆம் ஆண்டு செப்ரெம்பர் 18ஆம் நாள். அவ்வாண்டு பிரான்சிலே வெப்பவளி நிரப்பிய கூண்டு வானிலெழுந்த செய்தி ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது. அது மேலெழும் இயக்கத்தை ஒய்லர் பலகையிலே கணித்துக்கொண்டிருந்தார். புதிதாகக் கண்டறியப்பட்ட யுரேனசுக் கோளின் பாதையைப்பற்றி லெக்செலோடு உரையாடினார். மாலையில் தேநீர் அருந்தியபடி பேரப்பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருந்தபோது மூளையிற் குருதி பெருகி நினைவிழந்தார். சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது எழுபத்தாறு. நம் இலங்கையிலே தேயிலை பயிர்த்தொழிலாக 1867ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று. ஆகவே அவர் கையிலிருந்த தேநீர் நம் மலைகளினதாக இருந்திருக்க முடியாது. ஆயினும் தேயிலைத் தோட்டத்திற் பிறந்த எனக்கு அந்தக் கடைசிக் கோப்பை நெருக்கமானதாகவே தோன்றுகின்றது.

1830ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ஷால், விறைப்பான பொருளின் எந்த இடமாற்றமும் ஒரு திருகாணியின் செலவுக்கு ஒப்பானது என்று காட்டினார். ஓர் அச்சைப் பற்றித் திரும்பி, அவ்வச்சின் வழியே நகர்ந்தாற் போதும். இத்தாலியராகிய மொற்சி 1763ஆம் ஆண்டிலேயே இதனைத் தொட்டிருந்தார். ஒய்லரின் சமன்பாடுகளின்படி, பூமி முற்றும் விறைப்பானதாயின் அதன் சுழலச்சு ஏறத்தாழப் பத்து மாதத்துக்கு ஒருமுறை சிறிது தள்ளாடவேண்டும். அமெரிக்கராகிய சாண்ட்லர் 1891ஆம் ஆண்டு அத்தள்ளாட்டத்தைக் கண்டார். காலமோ ஏறத்தாழப் பதினான்கு மாதமாயிருந்தது. கணக்குப் பிழையன்று, பூமி முற்றும் விறைப்பானதன்று என்பதே அவ்வேறுபாட்டுக்குத் தலையாய காரணம். செயற்கைக்கோள்களின் திசையை ஆள்வோரும், இயந்திரக் கைகளை இயக்குவோரும் இன்றும் ஒய்லரின் கணக்கையே கையாள்கின்றனர். அவர் எழுதியவை எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை. 1911ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய முழுத்தொகுதி எண்பது பாகங்களைக் கடந்துள்ளது.

என் தந்தையாருக்கும் முதுமையிற் கண்ணிற் படலம் விழுந்தது. அந்நாட்களில் நான் விடுமுறையில் வீடு சென்றால், காற்றிலே மிதந்துவரும் ஓசையைக் கேட்டு எந்த ரோலர் ஓடுகின்றது, எதற்கு எண்ணெய் வேண்டும் என்று அவர் சொல்லுவார். ஒய்லருக்குக் கிட்டாத பேறு அவருக்குக் கிட்டியது. சத்திரசிகிச்சை இனிது முடிந்து பார்வை மீண்டது, இறக்கும்வரை நிலைத்தது. கட்டவிழ்த்த சில நாளில் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டார். சென்றோம். அவர் காலத்து வார்ப்பட்டைகள் இல்லை, மின்னோடிகள் வந்துவிட்டன. ரோலர் உருளை மட்டும் முன்போலவே வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

அங்குதான் நான் அவருக்கு ஒய்லரின் கதையைச் சொன்னேன். கண்ணிழந்த முதியவர் மேசையருகே நின்று கணித்ததையும், அவர் வகுத்த இயக்க வகைகளுள் முதலாவதனை நான் இந்த யன்னலருகிலே கற்றதையும் கூறினேன். முப்பது ஆண்டுகளுக்குமுன் கூறியிருக்கவேண்டிய நன்றி அது. தந்தையார் சிறிது நேரம் உருளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து, சுண்ணாம்புச் சிமிழை என் கையிலே தந்தார். அச்சிமிழ் நான் ஓய்வுபெறும்வரை என் வகுப்பறை மேசையில் இருந்தது.